கொடிக்குள் ஆறு கெஜம்

என் அப்பா வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து, "என்ன செய்தார்?" என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு வம்பு ஆரம்பிக்கும். அப்பா எதையும் செய்யவில்லை. செய்யப் போய், செய்யாமல் மாட்டிக்கொண்டார். அதற்கும் சேர்த்துத்தான் வெள்ளைக்காரன் அவரைப் பல மாதம் உள்ளே வைத்தான்.

வெள்ளையனே வெளியேறு என்று ஊர் ஊராகக் கிளம்பிய காலம். அப்பா அப்போது மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கல்யாணமாகாத வாலிபர். தாலுகா கச்சேரிக் கம்பத்தில் பறக்கிற வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிடுவதென்று கூட்டாளிகள் முடிவு செய்தார்கள். ஆள் ஒல்லி என்பதால் அப்பாவை ஏற்றிவிட்டார்கள். மேலே போய்ப் பார்த்தால் முடிச்சு மழையில் நனைந்து கல்லாக இறுகிக் கிடந்தது. "கிழிச்சுப் போட்டுட்டு எறங்குடா!" என்று கீழே இருந்தவர்கள் கத்தினார்கள். அப்பா கிழிக்கவில்லை.

ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். "அளக்காம எப்படித் தாயி துணியக் கிழிக்கிறது?" என்பார் அப்பா, ஏதோ நான்தான் தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி. அவர் வேலை பார்த்த கடையில் துணி கிழிப்பதற்கு ஒரு முறை உண்டு. கெஜக்கோலை வைத்து அளக்க வேண்டும். நகத்தால் கீறி அடையாளம் வைக்க வேண்டும். "கிழிக்கவா?" என்று வாங்குகிறவரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். அப்புறம் கத்தரிக்கோலால் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, பிறகு ஒரே இழுப்பு. அளக்காமல் கிழித்தவனை முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கம்பத்தின் உச்சியில் அப்பாவின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதோடு அது ரொம்ப நல்ல துணியாம். "அந்த மாதிரி அழுத்தமான நெசவ நான் அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல" என்று வேறு சொல்வார். தியாகி பேசுகிற பேச்சா இது!

அவர் நகத்தால் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்துவிட்டது. கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். கீழே வந்து நின்ற ஏட்டிடம் அப்பா மேலிருந்தபடியே, "ஏட்டய்யா, ஒரு நிமிஷம் பொறுங்க, இந்தா வந்துருச்சு" என்று சொல்லியிருக்கிறார். ஏட்டு பொறுக்கவில்லை. காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லி எங்கள் வீட்டில் அப்பாவை ஓட்டாத ஆளில்லை. ரொம்ப ஓட்டியது நான்தான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரே ஒரு தடவை மட்டும், என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், சிரித்து முடித்தபிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனாலும் தாயி, அத நான் எறக்கியிருக்கணும். கைக்கு வந்துருச்சு. சாகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை எறக்கிப் பார்க்கணும்னு இருக்கு." இறக்குவதற்கு இனிமேல் கொடி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கிரேன் கொக்கியில் கயிறும் சங்கிலியும் மாட்டுகிற வேலையில் இருந்தார். ஆலைக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு. தெருவில் கோயம்புத்தூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர், ஆற்காட்டுக்காரர் என்று வீட்டுக்கு ஒரு ஊர். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு தனிப் பெயர் இருந்தது. முடிச்சு வீடு.

பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் ஒன்றைக் கட்டினால் அதை அவரே நினைத்தாலும் சீக்கிரத்தில் அவிழ்க்க முடியாது. கொசுவலையைக் கட்டினார், அதோடு அது சுவரின் உறுப்பாகிவிட்டது. ஒரு தடவை ஊருக்குப் போக அவர் கட்டிக் கொடுத்த படுக்கைச் சுருளை அவிழ்க்க மதுரையில் வீடே திரண்டது. கடைசியில் அரிவாள்மனையைத்தான் கொண்டுவந்தார்கள். நான் சண்டைக்குப் போனால் அவர் சாந்தமாகச் சொல்வார்: "அவிழுற முடிச்சு ஒரு முடிச்சாடி? மேல டன் கணக்குல தொங்குது. கீழ ஆளுங்க நடக்கறாங்க." அது சரி. ஆனால் சமையலறையில் அவர் கட்டித் தொங்கவிடுகிற என் கருவேப்பிலைக் கொத்துக்குக் கீழே யார் நடக்கிறார்கள்?

சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனபோது குடியிருப்பு மைதானத்தில் நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. எழுதி இயக்கியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆலை ஆபீசில் குமாஸ்தா. அவர் எழுதிய வசனத்தைப் பேசி முடிப்பதற்குள் வெள்ளைக்காரன் தானாகவே போயிருப்பான், அவ்வளவு நீளம். கடைசிக் காட்சியில் வெள்ளைக்காரன் கொடியை ஒரு தியாகி இறக்க வேண்டும், உடனே நம் கொடி ஏற வேண்டும். தியாகிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "எங்கப்பாவே தியாகிதான்" என்று நான் வாயை விட்டேன். அவர் குதித்தேவிட்டார்.

ஊருக்குக் கடுதாசி போட்டேன். அப்பா மறு ரயிலில் வந்து இறங்கிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள். ஒல்லி உடம்பு எப்போதோ போய், நல்ல தொப்பை வந்திருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, "கொடி எங்க தாயி?" என்றார்.

கொடி முந்தின நாள் வரை என் மடியில்தான் இருந்தது. தைக்கச் சொல்லி என் தலையில்தான் கட்டினார்கள். வெள்ளைக்குப் பழைய படுக்கை விரிப்பு கிடைத்தது. சிவப்புக்கு ஒரு கிழிந்த பதாகை கிடைத்தது. குறுக்குப் பட்டையில் 'போனஸ்' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீலத்துக்குத்தான் தெருவில் எவரும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் கருநீல வாயில் சேலை ஒன்று இருந்தது. முந்தின தீபாவளிக்கு அப்பா தன் கடையிலிருந்து எடுத்து அனுப்பியது. நான் வைத்திருந்ததிலேயே நல்ல சேலை அது. அதைக் கத்தரிக்க நான் என்ன பைத்தியமா? ஆறு கெஜத்தையும் அப்படியே மடித்துப் பாயாக்கி, மேலே வெள்ளையையும் சிவப்பையும் வைத்து ஓட்டுத் தையலாகப் போட்டேன். நாடகம் முடிந்ததும் தையலைப் பிரித்துச் சேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கொடி மெத்தை கனத்தில் வந்தது. அப்பா வருவதற்குள் பக்கத்து வீட்டுக்கே அனுப்பி, நாடகத்தன்றுதான் வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தீபாவளிச் சேலையை இப்படிச் செய்தேன் என்று தெரிந்தால் மனசு சங்கடப்படுவார் என்று பயம். வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும், "சார், அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளைக்காரச் சார்ஜண்டாக வந்தது ஆலை கேன்டீனில் டீ ஊற்றுகிறவர். பக்கத்துக் கிராமமான கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருகிற ஆள். நல்ல உயரம், நல்ல அகலம். முகத்துக்கு அரிசி மாவைக் குழைத்துப் பூசினார்கள். இங்கிலீஷ் வராது என்பதால் யாரைப் பார்த்தாலும் "யூ! யூ!" என்று கத்தினால் போதும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அப்பாவை முதல் நாளே "நைனா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒத்திகைக்கு நடுவில் அப்பாவுக்கு மட்டும் தனியாக டீ வரும்.

"நெஜமாவே உன்னிய உள்ள வெச்சானா நைனா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

அப்பா முழுக் கதையையும் சொன்னார். கேன்டீன்காரர் சிரிக்கவில்லை. "ஒரு நிமிசம் டைம் குட்த்துருக்கலாம் அந்த ஏட்டு" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷத்தில் அந்தக் கதையைக் கேட்டு ஏட்டின்மேல் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஏற்பாடு ரொம்பச் சுலபமானது. மேடையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கம்பம். அதன் உச்சியில் கொடியைச் சுருக்கு முடிச்சில் கட்டி, கயிற்றின் வாலைக் கீழே தொங்கவிடுவார்கள். அப்பா "இறங்கு!" என்று சொல்லி வாலை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விழும். சார்ஜண்ட் ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கப்பலேறப் போய்விடுவார். பெண்கள் பாடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் நம் கொடியை ஏற்றுவார். அப்பா எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு காலையிலும் மாலையிலும் "இறங்கு! இறங்கு!" என்று இழுத்துப் பழகினார். காயப்போட்ட துணியெல்லாம் இறங்கியது.

நாடகத்தன்று மத்தியானம் கொடியின் கனம் தாங்காமல் சுருக்கு தானாகவே அவிழ்ந்து, கொடி கீழே சுருதி பார்த்துக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரர் தலையில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய், "கொஞ்சம் பாத்து இறுக்கிடுங்க சார்" என்று சொன்னது யாரிடம்? உலகத்தில் வேறு ஆளே கிடைக்காமல், என் வீட்டுக்காரரிடம்.

அவரும் சுருக்கு முடிச்சுதான் போடப் போயிருக்கிறார். அப்பா இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? "போட்டேன்டி. போட்டுட்டு எறங்கிட்டேன். அண்ணாந்து பாத்தா மனசு கேக்கல. கீழ ஆளுங்க நிக்கப் போறாங்களேன்னு கை தானா போயிடுச்சு" என்று அப்புறம் என்னிடம் சொன்னார். திரும்ப ஏறி, கொடியின் முனையையே கயிற்றோடு சேர்த்துச் சுற்றி, டாங்கியைத் தூக்கினாலும் அவிழாத முடிச்சாகப் போட்டுவிட்டு, வாலை மட்டும் அழகாகத் தொங்கவிட்டிருக்கிறார். அது போதாதென்று மேடைத் திரையின் கயிற்றையும் நன்றாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்கால வெயிலில் நாடகம் தொடங்கியது. குடியிருப்பே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. அடி, உதை, "யூ! யூ!" எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசிக் காட்சி வந்தது. அப்பா கதர்ச் சட்டையும் குல்லாயுமாக மேடையேறினார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "இறங்கு!" என்று ஒரு குரல் கொடுத்து வாலை இழுத்தார்.

கொடி இறங்கவில்லை.

திரும்ப இழுத்தார். கம்பம்தான் ஆடியது. சார்ஜண்ட் வழக்கப்படி சல்யூட் அடித்துவிட்டுக் கப்பலேறப் போய்விட்டார். பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஓரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், "பாடாதீங்க! இன்னும் வரலை!" என்று கத்தினார். பாட்டு நின்றது. சார்ஜண்ட் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "இன்னா சார், நான் போவட்டா, இருக்கட்டா?" என்று கேட்டார். மைதானம் கொல்லென்று சிரித்தது.

"இருய்யா!"

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அப்பா வாலைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். "ஏணி கொண்டாங்கப்பா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதற்கு, "ஏணி வெச்சா சார் சுதந்திரம் வாங்கினோம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். பெண்கள் மறுபடி பாட ஆரம்பித்து மறுபடி நிறுத்தினார்கள். திரையைப் போட்டு மானத்தைக் காப்பாற்றலாம் என்று ஓடி இழுத்தால், திரையும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தரையைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குல்லாய் சரிந்து, மூச்சு வாங்கி, கையில் ஒரு உதவாத கயிற்றோடு நின்றார். இவ்வளவு பேர் முன்னால் இந்தத் தடவையும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அப்போது சார்ஜண்ட் லத்தியைக் கீழே போட்டார். கம்பத்தடியில் குந்தினார். "ஏறு நைனா" என்றார்.

வெள்ளைக்காரன் தோளில் காலை வைத்து அப்பா ஏறினார். சார்ஜண்ட் முனகிக்கொண்டே எழுந்து நின்றார். அப்பாவின் கை கொடியைத் தொட்டது. தொட்டவர் முடிச்சை விட்டுவிட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். அவ்வளவுதான். மேலிருந்து மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"அடியே, இது நான் எடுத்துக் குடுத்த சேலையாச்சே!"

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கத்தி இருக்கு, வாங்கிக்குங்க" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் பேனாக்கத்தியை நீட்டினார். "கத்தி வேணாம்! துணியில பட்டுரும்!" என்றார் அப்பா. கை முடிச்சை நெருட ஆரம்பித்தது. அந்த நெருடலை நான் கதையில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"கிழிங்கப்பா! சேலை போனாப் போகுது, கிழிச்சுப் போடுங்க!"

"அளக்காமலா?" என்றார் அப்பா.

அதற்குமேல் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினார். நாடகத்தில் இல்லாத ஆள் ஒருவர் வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அண்ணாந்து வழி சொல்ல ஆரம்பித்தார். "மாமா, இழுக்காதீங்க. இழுத்தா இறுகும். மேல் வளையத்தப் பின்னால தள்ளுங்க."

"எந்த வளையம் மாப்பிள்ளை? இங்க எல்லாமே வளையமாத்தான இருக்கு!"

"சேலைக்குப் பக்கத்துல இருக்கறது, மாமா."

சார்ஜண்டின் முகத்து மாவு வேர்வையில் கரைந்து சட்டையில் சொட்டியது. கால்கள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏட்டய்யா, ஒரு நிமிஷம் பொறுங்க, இந்தா வந்துருச்சு" என்றார்.

வேண்டுமென்று சொன்னாரா, தன்னை மறந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் அப்பாவிடம் கடைசி வரை கேட்கவும் இல்லை. சார்ஜண்ட் இரண்டு கைகளாலும் அப்பாவின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நிதானமா அவுரு நைனா. நான் எங்கியும் போவல."

மைதானத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா பல்லையும் நகத்தையும் வைத்து அந்த வளையத்தைத் தள்ளினார். முடிச்சு திடீரென்று விட்டுக்கொடுத்தது. கொடி இறங்கியது. நான் போட்டிருந்த ஓட்டுத் தையல் அப்பாவின் பிடியில் பட்டுப் பட்டென்று விட, ஆறு கெஜமும் பிரிந்து சார்ஜண்ட் தலைமேல் மூடிக்கொண்டது. "ஐயே, கண்ணு தெர்ல நைனா!" என்று அவர் சுற்றினார். அப்பா அவர் மேலும், அவர் என் வீட்டுக்காரர் மேலுமாக மூன்று பேரும் மேடையில் விழுந்தார்கள். சாம்ராஜ்யம் 'போனஸ்' என்ற சிவப்புப் பட்டையோடு ஆர்மோனியத்தின் மேல் கிடந்தது.

விசில் பறந்தது. பெண்கள் மூன்றாவது தடவையாகப் பாடினார்கள். நம் கொடி ஏறியது, எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் மேடைக்கு ஓடினேன். அடிபட்டதா என்று கேட்டது அப்பாவின் காதிலேயே விழவில்லை. எழுந்து கொடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையைத் தலைப்பிலிருந்து முழம் போட்டுக்கொண்டே போனார். ஓரம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான முகத்தோடு சார்ஜண்டும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். ஜவுளிக்கடை மடிப்பாக மடித்து முடித்து, அப்பா அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எறக்கிட்டேன் தாயி" என்றார் அப்பா. "கிழிக்காமலே எறக்கிட்டேன்."